வயர் இல்லாமல் போனுக்கு சார்ஜ் ஏறுமா?



கொஞ்ச நாளாகவே நம் கூட்டமைப்புக் கூட்டங்களில் சேமிப்பு, உள்கடன், தவணை எல்லாம் பேசி முடித்து டீ குடிக்கிற நேரத்தில் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. "வெளிநாட்டிலிருந்து தம்பி ஒரு தட்டு கொண்டாந்து குடுத்தான். அதுமேல போனை வச்சாலே போதும், வயரே வேணாம்கிறான். நெசந்தானாக்கா?" என்று ஒருவர் கேட்கிறார். "அதெல்லாம் சும்மா. நானும் வாங்கி ராத்திரி பூரா வச்சுப் பார்த்தேன், ஒரு புள்ளிகூட ஏறல" என்று இன்னொருவர் அடித்துச் சொல்கிறார்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஒருவர் வீட்டில் ஏறுகிறது, மற்றவர் வீட்டில் ஏறவில்லை. ஏன் என்று தெரிந்துகொண்டால் காசு வீணாகாது. போனும் கெடாது. இன்றைக்கு போன் நமக்கு வெறும் பேசுகிற பெட்டி இல்லை. பேங்கிலிருந்து ஓ.டி.பி. வருவது அதில்தான். குழுக் கணக்குப் பதிவதும், கேஸ் புக் செய்வதும், பள்ளிக்கூடத்துச் செய்தி வருவதும் அதில்தான். கடன் வாங்கும் நாளில் ஊக்குநர் போன் செத்துக் கிடந்தால் பத்துப் பன்னிரண்டு பேர் பேங்க் வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஆகவே இந்த வயர்லெஸ் சார்ஜர் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே பார்ப்போம்.

கொசுவர்த்திச் சுருள் மாதிரி ஒரு செம்புக் கம்பி

அந்தத் தட்டைப் பிரித்துப் பார்த்தால் பெரிய மாயம் ஒன்றும் இருக்காது. நடுவில் மெல்லிய செம்புக் கம்பியைக் கொசுவர்த்திச் சுருள் மாதிரி வட்டமாகச் சுற்றி வைத்திருப்பார்கள். கூடவே சின்னதாக ஒரு எலக்ட்ரானிக் போர்டு. அவ்வளவுதான். இதே மாதிரி இன்னொரு சுருள் போனின் முதுகுப் பக்கம், மூடிக்கு உள்ளே இருக்கும். தட்டில் ஒரு சுருள், போனில் ஒரு சுருள். இரண்டும் நேருக்கு நேர் வந்தால்தான் வேலை நடக்கும்.

கம்பியில் மின்சாரம் ஓடினால் அதைச் சுற்றிக் காந்த சக்தி உண்டாகும். அந்தக் காந்த சக்தி கூடிக் குறைந்து மாறிக்கொண்டே இருந்தால், பக்கத்தில் இருக்கும் இன்னொரு கம்பிச் சுருளில் தானாகவே மின்சாரம் பிறக்கும். இரண்டு கம்பியும் தொடவே வேண்டாம். இதைக் கண்டுபிடித்தவர் இங்கிலாந்துக்காரர் மைக்கேல் ஃபாரடே. 1831-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஓர் இரும்பு வளையத்தின் இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கம்பி சுற்றி, ஒரு பக்கம் மின்சாரத்தைக் கொடுத்ததும் அடுத்த பக்கம் ஒரு துடிப்பு வருவதைப் பார்த்தார். அவர் கொல்லர் வீட்டுப் பிள்ளை. சிறு வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை பார்த்தவர். பெரிய படிப்பு ஒன்றும் கிடையாது. பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்தே விஞ்ஞானம் கற்றுக்கொண்டார்.

அப்படியானால் இது புதுசே இல்லையே என்று கேட்பீர்கள். ஆமாம், இல்லைதான். நம் தெருமுனையில் நிற்கிற டிரான்ஸ்பார்மருக்குள்ளேயும் இதேதான் நடக்கிறது. ஒரு சுருளுக்கு வருகிற மின்சாரம், தொடாமலே அடுத்த சுருளுக்குப் போகிறது. வீட்டில் இருக்கிற இண்டக்ஷன் அடுப்பும் இதே சாதிதான். அடுப்புக்குள் ஒரு செம்புச் சுருள் இருக்கிறது. மேலே இரும்புக் கலந்த பாத்திரத்தை வைத்தால், பாத்திரத்தின் அடியிலேயே மின்சாரம் சுழன்று சூடாகிறது. மண்சட்டி வைத்தால் அடுப்பு 'பீப் பீப்' என்று கத்தி நின்றுவிடுகிறது அல்லவா? அதே மாதிரிதான், உள்ளே சுருள் இல்லாத போனை வயர்லெஸ் தட்டில் வைத்தால் ஒன்றும் நடக்காது. இரவு முழுவதும் வைத்தும் ஒரு புள்ளி ஏறவில்லை என்று சொன்ன சகோதரியின் கதை இதுதான். தட்டில் கோளாறு இல்லை. அவர் போனில் அந்தச் சுருளே கிடையாது.

இதைச் சொன்னதும் ஒரு கூட்டத்தில், "அப்ப இண்டக்ஷன் அடுப்புமேல போனை வச்சா சார்ஜ் ஏறுமா?" என்று ஒரு பெண் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் நல்ல கேள்வி. ஏறாது. வைக்கவே வைக்காதீர்கள். அடுப்பு 1,500, 2,000 வாட் சக்தியில் ஓடுவது. வயர்லெஸ் தட்டு கொடுப்பது 5 வாட்டிலிருந்து 15 வாட் வரைதான். புதிதாக வந்தவற்றில் 25 வாட் வரை உண்டு. அடுப்பில் வைத்தால் போன் பாழாகும், பேட்டரி தீப்பிடிக்கவும் கூடும்.

தட்டும் போனும் பேசிக்கொள்கின்றன

நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை திசை மாறி மாறி ஓடுகிறது. அந்த வேகம் இந்தச் சின்னச் சுருளுக்குப் போதாது. அதனால் அடாப்டர் முதலில் அதை நேர் மின்சாரமாக்கித் தட்டுக்கு அனுப்புகிறது. தட்டு அதை நொடிக்கு ஒரு லட்சம், இரண்டு லட்சம் முறை மாறுகிற மின்சாரமாக ஆக்கிச் சுருளில் விடுகிறது. போனில் உள்ள சுருள் அதை வாங்கி, மறுபடியும் நேர் மின்சாரமாக்கி பேட்டரிக்குக் கொடுக்கிறது. இத்தனை தடவை கைமாறுவதால் வழியில் கொஞ்சம் சிந்தத்தான் செய்யும். கிணற்றடியிலிருந்து வீடு வருவதற்குள் குடத்துத் தண்ணீர் தளும்புகிற மாதிரி. நல்ல தட்டாக இருந்தாலும் கால் பங்கு, சில சமயம் மூன்றில் ஒரு பங்குவரை வெப்பமாகப் போய்விடும். வயரில் இவ்வளவு வீணாகாது.

தட்டு எந்நேரமும் முழு சக்தியை வெளியே விட்டுக்கொண்டிருப்பதில்லை. 'மேலே யாராவது இருக்கிறீர்களா?' என்று கேட்கிற மாதிரி அவ்வப்போது ஒரு சின்னத் துடிப்பு மட்டும் கொடுக்கும். போன் இருந்தால், 'இருக்கிறேன், எனக்கு இவ்வளவு கொடு' என்று அந்தச் சுருள் வழியாகவே பதில் சொல்லும். அதற்கப்புறம்தான் சக்தி பாயும். பேட்டரி நிறைய நிறைய, 'குறை, குறை' என்று போன் சொல்லிக்கொண்டே இருக்கும். போதும் என்றதும் நின்றுவிடும்.

இன்னொன்றும் செய்கிறது, இதுதான் நமக்கு முக்கியம். தான் கொடுத்தது எவ்வளவு, போனுக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்று கணக்குப் பார்க்கிறது. நம் குழு வரவு செலவுப் பதிவேடு மாதிரியே! கொடுத்ததுக்கும் வாங்கியதுக்கும் பெரிய வித்தியாசம் வந்தால், நடுவில் ஏதோ உலோகம் கிடந்து திருடுகிறது என்று புரிந்துகொண்டு நிறுத்திவிடும். விளக்கு மினுக்கிக் காட்டும். தரமான தட்டில் இந்தப் பாதுகாப்பு இருக்கும். சந்தையில் மலிவாகக் கிடைக்கிற பெயர் தெரியாத தட்டில் இருக்கும் என்று நம்ப முடியாது.

இப்படித் தட்டும் போனும் ஒரே பாஷையில் பேச வேண்டும் என்பதற்காகப் பல கம்பெனிகள் சேர்ந்து 2008-ஆம் ஆண்டில் ஒரு கூட்டமைப்பு ஏற்படுத்தி, பொது விதி ஒன்றை உண்டாக்கின. பெண்கள் சேர்ந்தால்தான் கூட்டமைப்பு என்றில்லை, கம்பெனிகளும் சேர்கின்றன பாருங்கள். அந்த விதிக்குப் பெயர் 'சீ'. ஆங்கிலத்தில் க்யூ, ஐ என்ற இரண்டே எழுத்து. நம் ஊரில் 'சீ' என்றால் அர்த்தமே வேறு! சீன மொழியில் அது உயிர் மூச்சு, உயிர்ச் சக்தி என்று பொருள்படுமாம். இந்த முத்திரை போட்ட எந்தத் தட்டிலும், இந்த முத்திரை உள்ள எந்த போனையும் வைக்கலாம். கம்பெனி வேறாக இருந்தாலும் கவலையில்லை.

2023-ல் இதன் இரண்டாம் வகை வந்தது. அதில் தட்டிலும் போனிலும் வட்டமாகக் காந்தங்கள் இருக்கும். பக்கத்தில் கொண்டுபோனால் டக்கென்று சரியான இடத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆப்பிள் கம்பெனி 2020-லேயே தன் ஐபோன்களில் இந்த மாதிரி காந்தம் வைத்துவிட்டது.

உங்கள் போனில் இருக்கிறதா? முதலில் அதைப் பாருங்கள்

தட்டு வாங்க 700 ரூபாயும் ஆகும், 2,000, 3,000 ரூபாயும் ஆகும். வாங்குவதற்கு முன் உங்கள் போனில் சுருள் உண்டா என்று தெரிந்துகொள்ள வேண்டும். போன் வந்த அட்டைப் பெட்டியிலோ, கூட வந்த சிறு புத்தகத்திலோ 'வயர்லெஸ் சார்ஜிங்' என்று எழுதியிருக்கும். இல்லையென்றால் படிக்கிற பிள்ளைகளிடம் போனின் மாடல் பெயரைச் சொல்லி, அந்தக் கம்பெனியின் சொந்த இணையப் பக்கத்தில் பார்க்கச் சொல்லுங்கள். கடைக்காரர் வாய்ச்சொல் மட்டும் போதாது.

ஒரு தோராயக் கணக்கு சொல்கிறோம். ஐபோனில் 2017-ல் வந்த 8-ஆம் எண் முதல் எல்லாவற்றிலும் உண்டு. சாம்சங்கில் விலை உயர்ந்த 'எஸ்' வரிசையில் உண்டு. நம் கைகளில் அதிகம் இருக்கிற 'ஏ', 'எம்' வரிசைகளில் கிடையாது. மற்றக் கம்பெனிகளின் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் ரூபாய் போன்களில் கிடையாது. சுருள் வைத்த போன் பெரும்பாலும் 20,000, 30,000 ரூபாய்க்கு மேல்தான். அந்த விலையிலும் எல்லாவற்றிலும் இல்லை.

"எந்த போனுக்கும் ஆகும்க்கா, எடுத்துக்குங்க" என்று ஒரு கடையில் சொன்னதை நம்பி நம் உறுப்பினர் ஒருவர் 900 ரூபாய் கொடுத்துத் தட்டு வாங்கிவிட்டார். வீட்டுக்கு வந்து வைத்தால் ஏறவில்லை. திருப்பிக் கொடுக்கப் போனால், "உங்க போன்ல அந்த வசதி இல்ல, நாங்க என்ன பண்றது" என்கிறார்களாம். 900 ரூபாய் என்பது எத்தனை மாதச் சேமிப்பு? கடையிலேயே உங்கள் போனை அந்தத் தட்டில் வைத்து, சார்ஜ் அடையாளம் வருகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். பில்லும் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் யாரிடமும் நியாயம் கேட்க முடியாது.

சுருள் இல்லாத போனுக்கு மெல்லிய ஒட்டு ஒன்று விற்கிறார்கள். சார்ஜ் ஓட்டையில் சொருகி, முதுகில் ஒட்டி, மேலே கவர் போட வேண்டும். வேலை செய்யும்தான். ஆனால் ஆமை வேகம், சூடு அதிகம், சார்ஜ் ஓட்டையும் அடைபட்டே கிடக்கும். எங்கள் அபிப்பிராயம், அது வேண்டாத செலவு.

அதைவிட மோசம், 'இந்த ஆப் போட்டால் வயரில்லாமல் சார்ஜ் ஏறும், வெயிலில் காட்டினால் சார்ஜ் ஏறும்' என்பது. இது முழுப் பொய். ஆப் என்பது வெறும் எழுத்துக் கட்டளைகள். சுருள் இல்லாத போனில் அது சுருளை உண்டாக்கிவிடாது. உங்கள் போனில் இருக்கிற நம்பர்கள், மெசேஜ்கள், அதில் வருகிற பேங்க் ஓ.டி.பி. இவற்றைப் பார்க்க அனுமதி வாங்கத்தான் இந்த வேஷம். யார் அனுப்பினாலும் இறக்காதீர்கள்.

கவருக்குள்ளே என்ன இருக்கிறது?

போன் இருக்கிறது, தட்டும் இருக்கிறது, இனி எப்படி வைப்பது? முதலில் போன் கவரைக் கழற்றிப் பாருங்கள். நம் பெண்கள் கவருக்குள் வைத்திருக்கிற சாமான்களைப் பட்டியல் போட்டால் ஒரு பெட்டிக்கடையே வைக்கலாம். பத்து ரூபாய் நோட்டு, ஏ.டி.எம். கார்டு, சிம் எடுக்கிற ஊசி, ஊக்கு, சாமி படம் அச்சடித்த செப்புத் தகடு. வெறும் காகிதப் படம் ஒன்றும் செய்யாது. ஆனால் தகடு, ஊசி, ஊக்கு இவை தட்டுக்கும் போனுக்கும் நடுவில் மாட்டினால், இண்டக்ஷன் அடுப்பில் வைத்த பாத்திரம் மாதிரி சூடாகும். கவர் உருகும், கை சுடும், பக்கத்திலேயே இருக்கிற பேட்டரிக்கும் ஆபத்து. ஏ.டி.எம். கார்டின் காந்தப் பட்டையும் சிப்பும் கெட்டுப்போகலாம். சாமி படத்தைப் பூஜை மாடத்தில் வையுங்கள், கார்டைப் பர்ஸில் வையுங்கள்.

கவருக்குப் பின்னால் விரலை நுழைத்துப் பிடிக்க இரும்பு வளையம் ஒட்டியிருப்பார்கள். அதுவும் ஆகாது. மெல்லிய பிளாஸ்டிக், ரப்பர் கவர் பரவாயில்லை. சுமார் 3 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனான கவர் என்றால் கழற்றிவிட்டு வையுங்கள். இந்தச் சக்தி தாண்டுவது சில மில்லிமீட்டர்தான். தட்டின் மேல் மோதிரம், தோடு, சில்லறைக் காசு எதையும் கழற்றி வைக்கக் கூடாது, போன் இல்லாத நேரத்திலும் அந்தப் பழக்கம் வேண்டாம்.

போனைத் தட்டின் நடுவில் வைக்க வேண்டும். போனின் சுருள் பெரும்பாலும் முதுகின் மத்தியில் இருக்கும். ஒரு விரல் அகலம் தள்ளிப்போனால்கூட மெதுவாக ஏறும், அதிகம் சுடும், அல்லது நின்றே போகும். சார்ஜ் அடையாளம் வந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும். இன்னொரு வேடிக்கை: வைப்ரேஷனில் போட்டு வைத்தால், ராத்திரி நாலு போன் வந்ததும் போன் அதிர்ந்து அதிர்ந்து தானே நகர்ந்துவிடும். காலையில் பார்த்தால் பத்து சதவீதம் இருக்கும். காந்தம் இல்லாத தட்டு என்றால் ராத்திரியில் வைப்ரேஷனை நிறுத்திவிடுங்கள்.

தட்டோடு பல சமயம் அடாப்டர் வராது. வீட்டில் கிடக்கிற பழைய 5 வாட் அடாப்டரில் சொருகிவிட்டு, "15 வாட்னு போட்டிருக்கு, ஆனா ஏறவே மாட்டேங்குது" என்று தட்டைத் திட்டக் கூடாது. 15 வாட் தட்டுக்கு 18, 20 வாட் அடாப்டராவது வேண்டும். தட்டின் பெட்டியிலேயே எது வேண்டும் என்று போட்டிருப்பார்கள். அடாப்டரில் பி.ஐ.எஸ். முத்திரையும் 'ஆர்' எழுத்தில் தொடங்குகிற பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 230 வோல்ட் மின்சாரம் வந்து நிற்பது அந்த அடாப்டரில்தான். ஈரக் கையோடு தொடக் கூடாது.

கரண்ட் பில்லா, சூடா?

"கரண்ட் பில் ஏறிடுமா?" என்று பலர் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5,000 எம்.ஏ.எச். பேட்டரியில் அடங்குவது சுமார் 19 வாட்-மணி. வயரில் ஒரு முறை முழுசாக ஏற்ற ஏறக்குறைய 23 வாட்-மணி பிடிக்கும், தட்டில் 30 என்று வையுங்கள். தினம் ஒரு முறை ஏற்றினால் மாதத்துக்கு வயரில் 0.7 யூனிட், தட்டில் 0.9 யூனிட். வித்தியாசம் கால் யூனிட்கூட இல்லை. பில்லுக்குப் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது சூட்டுக்குத்தான். வீணாகிற அந்தச் சக்தி எல்லாம் வெப்பமாகி போனின் முதுகிலேயே தங்குகிறது. போனில் இருப்பது லித்தியம் பேட்டரி. அதற்குச் சூடு பெரிய எதிரி. சுற்றியிருக்கும் காற்று 35 டிகிரிக்கு மேல் போனால் போன் பயன்படுத்துவது நல்லதில்லை என்று ஆப்பிள் போன்ற கம்பெனிகளே சொல்கின்றன. சித்திரை, வைகாசியில் நம் ஊரில் 40 டிகிரி. தகரக் கொட்டகை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டுக்குள் அதற்கும் மேலே. அந்த மத்தியான வேளையில் தட்டில் வைத்தால் போன் கொதிக்கும், தானே சார்ஜை நிறுத்திக்கொள்ளும். தினம் தினம் இப்படி வேகவைத்தால், மூன்று நான்கு வருஷம் வர வேண்டிய பேட்டரி சீக்கிரமே சோர்ந்துபோகும். மாற்ற ஆயிரக்கணக்கில் கேட்பார்கள்.

ஆகவே விடிகாலையிலோ, இரவு வெப்பம் தணிந்த பிறகோ ஏற்றுங்கள். காற்றோட்டமாக, மரப்பலகை மேலோ மேஜை மேலோ தட்டை வையுங்கள். மெத்தை, தலையணை, பாய் மேல் வேண்டவே வேண்டாம். முந்தானையோ துணியோ மேலே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் தட்டில் வைத்தபடியே வீடியோ பார்ப்பதும் கூடாது, இரண்டு சூடும் சேர்ந்துவிடும். கையில் எடுத்தால் லேசான வெதுவெதுப்பு இருக்கலாம். பிடிக்க முடியாத சூடு என்றால் உடனே எடுத்துவிடுங்கள். ஃபிரிட்ஜுக்குள் வைத்து ஆற்றுகிற வேலையும் வேண்டாம், உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். பல போன்களில் 80 சதவீதத்தோடு நிறுத்துகிற வசதி செட்டிங்கில் பேட்டரி பகுதியில் இருக்கும். ராத்திரி முழுவதும் வைக்கிறவர்கள் அதைப் போட்டுவிடுங்கள்.

யாருக்கு இது உதவும்?

உண்மையைச் சொன்னால், நம்மில் பலருக்கு வயரே போதும். வயரில் சீக்கிரம் ஏறும், சூடு குறைவு, செலவும் குறைவு. கரண்ட் போன நேரத்தில் பவர் பேங்கிலிருந்து ஏற்றுவதானால் கண்டிப்பாக வயர்தான். தட்டு வழியாக ஏற்றினால் இருக்கிற கொஞ்சத்திலும் ஒரு பகுதி வழியில் வீணாகிவிடும்.

ஆனால் சிலருக்கு இது பெரிய உபகாரம். மாவு மில்லில் வேலை பார்க்கிறவர்கள், செங்கல் சூளையில் இருக்கிறவர்கள் போனில் சார்ஜ் ஓட்டை தூசி அடைத்துச் சீக்கிரம் கெடும். மீன் விற்கிற சகோதரிகளுக்கு ஈரம் பட்டு, 'ஈரம் இருக்கிறது' என்று போன் சார்ஜை மறுக்கும். அந்த மாதிரி நேரத்தில் போனை நன்றாகத் துடைத்துக் காயவைத்துவிட்டுத் தட்டில் வைத்து ஏற்றலாம், ஓட்டையில் எதையும் சொருக வேண்டியதில்லை. கண் பார்வை மங்கிய பாட்டிமார்கள், கை நடுக்கம் உள்ளவர்கள் அந்தச் சின்ன ஓட்டையைத் தேடிச் சொருகப் படும் பாடு நமக்குத் தெரியும். அவர்கள் போனில் இந்த வசதி இருந்தால், தட்டு வாங்கிக் கொடுப்பது வீண் செலவாகாது.

"கதிர்வீச்சு வருமா, கர்ப்பிணிப் பெண் பக்கத்தில் வைக்கலாமா?" என்றும் கேட்டிருந்தீர்கள். இது எக்ஸ்ரே மாதிரி உடம்பை ஊடுருவுகிற கதிர் இல்லை. தட்டை விட்டு ஒரு சாண் தள்ளினாலே அதன் காந்த சக்தி மிகவும் குறைந்துவிடும். ஆனால் இருதயத்தில் பேஸ்மேக்கர் கருவி வைத்திருப்பவர் வீட்டில் இருந்தால் மட்டும் கவனம் தேவை. காந்தம் உள்ள போனைச் சட்டைப் பையில் வைக்கக் கூடாது, நெஞ்சிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். தட்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது 30 சென்டிமீட்டர், அதாவது பள்ளிக்கூட ஸ்கேல் நீளம், தள்ளி இருக்க வேண்டும். அவருடைய டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. போனின் முதுகு மேடாக உப்பியிருந்தாலோ, திரை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தாலோ பேட்டரி வீங்கிவிட்டது என்று அர்த்தம். தட்டிலும் வைக்கக் கூடாது, வயரும் சொருகக் கூடாது. அமுக்கியோ குத்தியோ பார்க்காதீர்கள், தீப்பிடிக்கும். ஸ்விட்ச் ஆஃப் செய்து, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில், துணிமணி, விறகு, கேஸ் அடுப்பு எதுவும் பக்கத்தில் இல்லாமல் வைத்து, அன்றைக்கே அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கொண்டுபோய்க் கொடுங்கள். கழற்றிய பழைய பேட்டரியைக் குப்பையில் போடவோ, குப்பையோடு சேர்த்து எரிக்கவோ கூடாது. மாற்றித் தருகிற இடத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.